கண் வறட்சிக்கும் களைப்புக்கும் தாவரச் சத்துகள்: எது எதற்கு, எவ்வளவு

சோளகக் காற்று எழும்பிச் சிறுபோகச் சூடடிப்பு முடியும் வரையான மாதங்களில் வன்னியில் கண் எரிவுக்குக் குறைவில்லை. மணல் விழுந்தது போல உறுத்தும், பின்னேரமானால் இமை கனக்கும், போனைப் பார்த்தால் எழுத்து மங்கித் தெளியும். பாமசியில் சொன்னால் ‘கண்ணுக்குச் சத்து’ என்று ஒரு போத்தல் தருவார்கள். உறையில் லூட்டீன், பில்பெரிப் பழம், விற்றமின் ஏ, நாகம் (சிங்க்), ஒமேகா-3 என்று நீளமான பட்டியல் இருக்கும். அதில் சில வறட்சியோடு தொடர்புள்ளவை, சில விழித்திரைக்கானவை, சில அழகுக்குச் சேர்த்தவை. பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நட்டம் காசுக்குத்தான், சிலருக்கு உடம்புக்கும்.

கண்ணீர் ஏன் காய்கிறது

விழியின் மேல் எந்நேரமும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. விழியோடு ஒட்டியிருப்பது சளி போன்ற பசை, அதற்கு மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேல் எண்ணெய். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் ஆவியை அடக்குவது போல இந்த எண்ணெய்தான் கண்ணீரை ஆவியாகாமல் தடுக்கிறது. இமை விளிம்பில் வரிசையாக உள்ள சின்னச் சுரப்பிகளில் இருந்து அது வருகிறது: மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. கண் வறண்ட பலருக்கு நீர் போதுமான அளவு சுரக்கிறது. இந்தச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய் கெட்டியாகிவிடுவதால் சுரந்த நீர் நிற்காமல் காய்ந்துவிடுகிறது.

ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்ணீர் கன்னத்தில் வழிந்தால், ‘எனக்குக் கண்ணில் தண்ணீர் கூட, வறட்சி எப்படி இருக்கும்?’ என்று கேட்பார்கள். அந்த வழிதலே பெரும்பாலும் வறட்சியின் அடையாளம். காய்ந்த விழி எரிச்சல் பட்டதும் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக வெறும் நீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெயும் பசையும் போதாது, ஆகவே விழியில் தங்காமல் வழிந்துவிடும்.

காற்றும் தூசியும் விறகடுப்புப் புகையும் தெரிந்த காரணங்கள். தெரியாமல் இருப்பவை வேறு. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும், சிமிட்டினாலும் இமை முழுதாக மூடாது. தும்மலுக்கும் தோல் கடிக்கும் எடுக்கும் பிரிட்டோன் (குளோர்பெனிரமின்), செட்ரிசின் குளிசைகள், நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியன கண்ணீரைக் குறைக்கும். நீரிழிவு, மாதவிடாய் நின்ற வயது, கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மாதங்கள் என்பனவும் காரணமாகலாம். வாயும் காய்ந்து மூட்டுகளும் நோகின்றன என்றால் வைத்தியரிடம் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய காரணங்களை எந்தச் சத்துக் குளிசையும் அகற்றாது.

களைப்பு இன்னொரு கதை. கிட்டத்தில் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் உள்ள தசை ஓயாமல் இறுகி நிற்பதால் வருவது அது. 40 வயது தாண்டியவர் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்து வாசிக்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது வெள்ளெழுத்துக் கண்ணாடி. போத்தலுக்குக் கொடுக்கும் காசைக் கண்ணாடிக்குக் கொடுப்பதே கெட்டித்தனம்.

விற்றமின் ஏ: இலையும் பூசணியும்

தாவர உணவு கண் வறட்சியை நேரடியாகத் தீர்க்கும் இடம் இது. விழிப் பரப்பில் பசையைச் சுரக்கும் கலங்களுக்கு விற்றமின் ஏ கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், பிறகு வெண்விழி பளபளப்பிழந்து சுருங்கும், நுரை போன்ற சாம்பல் திட்டுகள் படரும், கவனிக்காமல் விட்டால் கருவிழியே கரையும். இதனால்தான் குடும்பநல உத்தியோகத்தர்கள் சிறு பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ பெருமாத்திரை கொடுக்கிறார்கள். ஓரளவு நன்றாகச் சாப்பிடும் வளர்ந்தவருக்கு இந்தக் குறைபாடு அரிது. கசிப்பால் ஈரல் பழுதானவர், குடலில் சத்திரசிகிச்சை செய்தவர், நாட்பட்ட வயிற்றோட்டம் உள்ளவர் ஆகியோருக்கு வரலாம், ஏனெனில் கொழுப்பு உறிஞ்சப்படாவிட்டால் விற்றமின் ஏயும் உறிஞ்சப்படாது.

தாவரத்தில் விற்றமின் ஏ நேரே இல்லை. பீற்றா கரோட்டினாக இருக்கிறது, உடம்பு அதை மாற்றிக்கொள்கிறது. மாற்றும் விகிதம் தாராளமானதன்று: உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீற்றா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் விற்றமின் ஏ. ஆணுக்கு நாளொன்றுக்கு 900, பெண்ணுக்கு 700 மைக்ரோகிராம் வேண்டும். இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்த பிறகு, பச்சையாக 100 கிராமில் கரட்டில் சுமார் 835, செம்மஞ்சள் சதையுள்ள வற்றாளங்கிழங்கில் 700, பூசணியில் 425, முருங்கையிலையில் 380 மைக்ரோகிராம் கிடைக்கிறது. வெள்ளைச் சதை வற்றாளையில் அநேகமாக எதுவும் இல்லை. மாம்பழம், பப்பாப்பழம் இரண்டிலும் 50 அளவில்தான். வன்னித் தோட்டங்களில் நிறையக் காய்க்கும் பூசணியை மலிவான சரக்கென்று ஒதுக்குகிறோம், கண்ணுக்கு அதுதான் லாபம்.

பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை, வல்லாரை முதலிய கரும்பச்சை இலைகள் எல்லாம் இந்தக் கணக்கில் உதவும். ஆனால் குளத்தோரத்திலும் வயல் வாய்க்காலிலும் தானாக முளைத்த பொன்னாங்காணியைப் பிடுங்குமுன் பக்கத்து வயலுக்குக் களைநாசினி அடித்தது எப்போதென்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுவினால் எல்லாம் போகாது.

சமைக்கும் விதமும் முக்கியம். கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஒரு நேரச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பாவது இருந்தால்தான் ஒழுங்காக உறிஞ்சப்படும். ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போட்ட வறையில் அது ஏறக்குறைய வந்துவிடும். ஆகவே ‘கொழுப்பு வேண்டாம்’ என்று தேங்காய் போடாமல் இலையை அவித்துச் சாப்பிடுபவருக்குப் பயன் குறைவு. இலையைக் கழுவிய பிறகு மெல்லியதாக அரிந்து, கொஞ்ச எண்ணெயில் கடுகும் வெங்காயமும் தாளித்து, இலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் மூடி வேகவிட்டுக் கடைசியில் தேங்காய்ப்பூ சேர்த்தால் போதும். நெடுநேரம் கொதித்துக் கறுத்த இலையில் சத்துப் போய்விடும்.

முருங்கையிலைத் தூள் கப்சூலைப் பற்றி ஒரு கணக்கு. பச்சை இலையில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்குக்கு மேல் நீர். உலர்ந்த ஒரு கிராம் தூள் நாலைந்து கிராம் பச்சை இலைக்குச் சமம். 500 மில்லிகிராம் கப்சூல் இரண்டு விழுங்குபவர் நாலைந்து கிராம் இலை சாப்பிட்டிருக்கிறார். வேலிக்கரையில் மரம் நிற்கும் வீட்டில் இதற்கு ஏன் செலவு என்பது விளங்கவில்லை. தூள்தான் வசதி என்றால் வீட்டிலேயே செய்யலாம்: இலையை நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி, கையில் நொறுங்கும் வரை உலர்த்தி, அரைத்து, ஒளி புகாத போத்தலில் இறுக்கி மூடுங்கள். முற்றத்து வெயிலில் காயவைத்தால் கரோட்டின் அழியும். தூள் பச்சை நிறம் மாறி மண்ணிறமாகிவிட்டால் அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். தேக்கரண்டி ஒன்றைச் சொதியிலோ பருப்பிலோ இறக்கும் நேரத்தில் கலக்கலாம்.

இலையிலும் பூசணியிலும் இருந்து அளவுக்கு மிஞ்சி வந்தால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். குளிசை அப்படியல்ல. உறையில் ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினைல் அசிட்டேட் என்று இருந்தால் அது உருமாறி முடிந்த விற்றமின் ஏ. முன்பக்கத்தில் இலைப் படம் போட்டிருந்தாலும் அதுதான். வளர்ந்தவருக்கு நாளுக்கு 3000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐ.யூ., மேல்வரம்பு. அதைத் தாண்டி நெடுங்காலம் எடுத்தால் ஈரல் கெடும். கர்ப்பிணி எடுத்தால் கருவில் உள்ள பிள்ளைக்கு அங்கக் குறைபாடு வரலாம். புகைப்பவரும் புகைத்து விட்டவரும் பீற்றா கரோட்டின் குளிசையைத் தொடவே கூடாது. நாளுக்கு 20, 30 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில், 1994இல் பின்லாந்திலும் 1996இல் அமெரிக்காவிலும், நுரையீரல் புற்றுநோய் கூடியது.

ஒமேகா-3: நம்பிக்கை பெரிது, சான்று சிறிது

இமைச் சுரப்பியின் எண்ணெயை இளக்கும், அழற்சியைக் குறைக்கும் என்ற எண்ணத்தில்தான் ஒமேகா-3 கொடுக்கிறார்கள். தர்க்கம் சரி. ஆனால் 2018இல் வெளியான டிரீம் ஆய்வில் 535 பேருக்கு ஓராண்டு சோதித்துப் பார்த்தார்கள்: ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3000 மில்லிகிராம் மீன் ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஒலிவ் எண்ணெய். இரண்டு பக்கத்திலும் கண் தேறியது, இரண்டுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பயன் தெரிந்திருப்பதால் முயன்று பார்ப்பதில் தவறில்லை, ஆனால் உறுதி சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

தாவர ஒமேகா-3 இரண்டு வகை. ஆளி விதை, சியா விதை, வால்நட் ஆகியவற்றில் இருப்பது ஏ.எல்.ஏ. உடம்புக்கு வேண்டிய ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக அது மாற வேண்டும். ஈ.பி.ஏ. ஆக மாறுவது நூற்றுக்குச் சில பங்கு, டி.எச்.ஏ. ஆவது அதைவிடக் குறைவு. மற்றது நுண்பாசி எண்ணெய். மீனுக்கே டி.எச்.ஏ. பாசியில் இருந்துதான் வருகிறது, ஆகவே பாசி எண்ணெயில் மாற்றும் வேலை இல்லை. நல்லெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் ஒமேகா-3 அநேகமாக இல்லை. எள்ளும் கச்சானும் நல்ல உணவுகள், இந்தக் கணக்கில் சேரா.

ஆளி விதையை முழுதாக விழுங்கினால் முழுதாகவே வெளியே போகும். அரைக்க வேண்டும். அரைத்த மேசைக்கரண்டி ஒன்றில் சுமார் 1.6 கிராம் ஏ.எல்.ஏ. உண்டு, ஆணின் ஒரு நாளைய தேவை அதுவே, பெண்ணுக்கு 1.1 கிராம். முதற்கிழமை தேக்கரண்டி ஒன்றில் தொடங்குங்கள். உடனே கூட்டினால் வயிறு ஊதும், தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலம் கட்டும். மற்றக் குளிசைகளுக்கும் இதற்கும் இரண்டு மணித்தியால இடைவெளி வையுங்கள், ஏனெனில் அதன் வழுவழுப்பு மருந்தைப் பிடித்துவைக்கும். பத்து நாளுக்குரியதை மட்டும் அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பெயின்ற் மணம் வந்தால் எறிந்துவிடுங்கள், கெட்ட எண்ணெய் நன்மை செய்யாது. ஆளி எண்ணெயில் பொரிக்கவும் தாளிக்கவும் கூடாது, சூட்டில் முதலில் கெடுவது அதுதான்.

பாசி எண்ணெய் வாங்கினால் ‘எண்ணெய் 1000 மில்லிகிராம்’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதில் டி.எச்.ஏ.யும் ஈ.பி.ஏ.யும் எவ்வளவு என்ற சின்ன எழுத்தைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 250 முதல் 500 மில்லிகிராம் வரை வந்தால் தினசரித் தேவைக்குப் போதும். சைவக்காரர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்ளே பாசி எண்ணெய் இருந்தாலும் கப்சூலின் உறை ஜெலட்டினாக இருக்கலாம், அது மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. மச்சம் சாப்பிடுபவர் இவ்வளவு அலையத் தேவையில்லை. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இறங்கும் சாளையும் சூடையும் கிழமைக்கு இரண்டு நாள் கறியானால் போதும்.

லூட்டீனும் மற்றவையும்

லூட்டீன், சியாசாந்தின் இரண்டும் விழித்திரையின் நடுப்பகுதியில் படியும் மஞ்சள் நிறமிகள். போத்தலில் உள்ள லூட்டீன் பெரும்பாலும் மாரிகோல்ட் எனப்படும் துலுக்கச் செவ்வந்திப் பூவில் இருந்து எடுத்தது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவகம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் கொடுத்தார்கள். அது முதுமையில் விழித்திரை நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கான கலவை. கண்ணீர்ப் படலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூசும் வெளிச்சத்தைத் தாங்க லூட்டீன் கொஞ்சம் உதவலாம், அதற்கும் நிறமி படிய மாதங்கள் எடுக்கும். கரும்பச்சை இலை நாளாந்தம் சாப்பிடும் வீட்டில் லூட்டீனுக்குத் தட்டுப்பாடு இராது. மஞ்சள் சோளனில் சியாசாந்தின் உண்டு. அதே கலவையில் நாகம் 80 மில்லிகிராம் வரை இருக்கும். நோய் இல்லாமல் அதை எடுத்தால் குமட்டும், நாட்பட்டால் உடலில் செப்புக் குறையும்.

பில்பெரி, நுண்பாசியில் இருந்து வரும் அஸ்டாசாந்தின் இரண்டும் திரைக் களைப்புக்கென்று விற்பனையாகின்றன. ஆய்வுகள் சிறியவை, கிடைத்த பயனும் சிறியது. கடலோர முட்செடி ஒன்றின் பழமான சீ பக்தோர்ன் எண்ணெயை நாளுக்கு 2 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பின்லாந்தில் 2010இல் பார்த்ததில், குளிர்காலத்தில் கண்ணீரின் உப்புச் செறிவு கூடுவது ஓரளவு தணிந்தது. இவற்றுள் வறட்சியோடு நேரடித் தொடர்பு காட்டியது அதுதான். இங்கே தேடிப் பிடித்து வாங்கும் அளவுக்கு அந்த ஒரு ஆய்வு போதாது. நெல்லிக்காயில் விற்றமின் சி நிறைய உண்டு, உடம்புக்கு நல்லது, கண்ணீருக்கு விசேடமாக ஒன்றும் செய்யாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் சிறுநீரக நோயாளர் பலர். அவர்களுக்குக் கண் போத்தல் விளையாட்டுச் சாமான் அன்று. பழுதான சிறுநீரகம் விற்றமின் ஏயை வெளியேற்றாது, உடம்பில் தேங்கும். பெருமாத்திரை விற்றமின் சி கல்லாகும். இலைத் தூளில் பொற்றாசியம் செறிவாக உண்டு, அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். இலை சாப்பிடலாமா, எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். அனுமதித்தால் இலையை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். பொற்றாசியம் கணிசமாக அதோடு போகும், கொழுப்பில் கரையும் கரோட்டின் இலையிலேயே நிற்கும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் குளிசை எடுப்பவர் இலைக்கறியை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் ஒரு கிழமை இல்லாமல் மறு கிழமை நாள்தோறும் என்று மாற்றக்கூடாது, அதில் உள்ள விற்றமின் கே மருந்தின் வேலையைக் குழப்பும். அவர்கள் பெருமாத்திரை விற்றமின் ஈ, ஒமேகா-3, ஜிங்கோ மூலிகை என்பவற்றையும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது, இரத்தம் உறையாமல் போகலாம்.

வாங்கும்போது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இலக்கம், காலாவதித் திகதி, ஒவ்வொரு பொருளின் அளவு என்பன உறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘தனிக்கலவை’ என்று போட்டு மொத்த நிறையை மட்டும் சொல்லும் போத்தலை வைத்துவிட்டு வாருங்கள். தகரக் கூரை வீட்டில் மேல்தட்டிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ எண்ணெய்க் கப்சூலை வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுவிடும். சந்தேகம் என்றால் ஒன்றை வெட்டி மணந்து பாருங்கள்.

விழிக்குள் எதையும் பிழிய வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன், வீட்டில் காய்ச்சிய திரிபலாக் கஷாயம் எதுவும் கிருமி நீங்கியதன்று. சூடடிப்பு நேரம் நெற்சுனை பட்ட கண்ணில் பூஞ்சைப் புண் எளிதில் பிடிக்கும். அந்நேரம் பாமசியில் ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வாங்கி விட்டால் சிவப்பு அடங்கும், புண் பரவும். வலி, வெளிச்சம் பட்டால் தாங்கமுடியாத கூச்சம், பார்வை குறைதல், ஒரு கண் மட்டும் சிவத்தல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போத்தலுக்கு முன்

சுத்தமான பருத்தித் துணியை, மணிக்கட்டின் உட்பக்கம் தாங்கும் சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். மொத்தம் எட்டுப் பத்து நிமிடம். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக வருடினால் இளகிய எண்ணெய் வெளியே வரும். காலையும் இரவும் செய்தால் சில கிழமையில் மாற்றம் தெரியும். பலர் துணி ஆறிய பிறகும் வைத்திருந்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள்.

திரை வேலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்த்து, இமை முழுதாக மூடும்படி பத்துத் தடவை சிமிட்டுங்கள். காற்றில் ஓடும்போது தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, உதாரணமாகக் கார்பொக்சி மீதைல் செலுலோஸ் 0.5 சதவீதம், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேராததைக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றின் மேல் ஒரு சத்தைச் சோதிக்க விரும்பினால் ஒரு நேரத்தில் ஒன்றையே தொடங்குங்கள், சாப்பாட்டோடு எடுங்கள். கிழமைக்கு ஒருநாள், ஒரே பின்னேர நேரத்தில், இரண்டு தடவை சிமிட்டிவிட்டுக் கண்ணை மூடாமல் வைத்து எரிவு வரும்வரை விநாடிகளை எண்ணிக் குறியுங்கள். பத்துக்குக் கீழே என்றால் வறட்சி என்று சந்தேகிக்கலாம். 12 கிழமையில் எண்ணிக்கை நகராவிட்டால் நிறுத்திவிடலாம். தொடங்கும் மாதத்தையும் பாருங்கள். புரட்டாதியில் தொடங்கியவருக்கு ஐப்பசியில் மழை பெய்து சோளகமும் தூசியும் அடங்கக் கண் தானாகவே தேறும், பேர் போத்தலுக்குப் போகும். வைகாசி கடைசியில் தொடங்கினால் ஆவணி வரை அதே காற்றில் சோதனை நடக்கும்.